நாலாம் லயத்து நாகத்துக்கு விடுதலை

நாலாம் லயம்
மந்திமலை எஸ்டேட், மூணாறு வழி
18 பிப்ரவரி 1974

வேலந்தாவளம் நாடகக் கம்பெனி முதலாளி பிச்சைமணி அவர்களுக்கு,

தாளின் தலையில் சிலுவை போட்டுவிட்டு எழுதுவது எங்கள் வழக்கம். உங்களுக்கு எழுதும் தாளில் அதைப் போட மனம் வரவில்லை. சுகம் விசாரிக்கவும் போவதில்லை. நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள்.

கஞ்சிக்கோட்டில் பாக்டரி வேலை பார்க்கும் என் தங்கை இருதயம்மாள் உங்கள் நோட்டீஸ் ஒன்றை உறையில் வைத்து அனுப்பியிருந்தாள். மஞ்சள் தாள். உச்சியில் ஒரு பாம்பு, பாம்புக்குப் பொட்டு, மூக்குத்தி. ‘நாலாம் லயத்து நாகம். மூணாறு மலையில் நடந்த மெய்ச்சம்பவம். தாலி கட்டியவனுக்குச் சாயாவில் நஞ்சு. தீர்ப்பு உங்கள் கையில்.’ அடியில் பொடி எழுத்தில், தூக்குக் காட்சியைக் கர்ப்பிணிகள் பார்க்க வேண்டாம் என்று ஒரு கருணை வேறு.

எங்கள் நாலாம் லயத்து வரிசை வீடுகளில் புருஷன் விஷத்தால் செத்து, அதற்காகப் பதினோரு மாதம் ரிமாண்டில் கிடந்தவள் ஒருத்திதான். அவள் பெயர் செபமாலையம்மாள். உங்கள் நாடகத்தில் அவள் பெயர் ஜெயமாலா. இந்த மறைப்பைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் மூளையைக் கசக்கினீர்கள்?

செஷன்ஸ் கோர்ட் என்னை விடுதலை செய்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஏன் விட்டார்கள் என்று சொல்கிறேன். நோட்டீஸில் பாம்புக்குப் பக்கத்தில் இடம் இருந்தால் அச்சடியுங்கள். என் புருஷன் பவுல்ராஜ் செடிக்கு மருந்தடிக்கிற கேங்கில் இருந்தார். வீட்டில் நான் குடிக்க விடமாட்டேன் என்று மருந்து ஸ்டோரிலேயே காலி மருந்து பாட்டிலில் சாராயத்தை ஒளித்து வைப்பார். சாயங்காலம் அதை மடியில் கட்டிக்கொண்டு வந்து, பால் விடாத கட்டன் சாயா என்று நான் நினைக்கட்டும் என்று சாயா டம்ளரில் ஊற்றிக் குடிப்பார். அன்றைக்கு மடியில் வந்தது மருந்து இருந்த வேறு பாட்டில். டம்ளரில் தேயிலையின் சுவடே இல்லை என்று கெமிக்கல் ரிப்போர்ட் சொன்னது. சாயாவே போடாதவள் சாயாவில் எப்படி விஷம் கலப்பாள் என்று ஜட்ஜ் கேட்டார். பிராசிக்யூட்டரிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறது போலும்.

இப்போது நான் எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் ஆயா. அம்மாக்கள் கொழுந்து கிள்ளப் போகும்போது கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். என் கையால் அந்தப் பிள்ளைகள் பால் குடிக்கின்றன. எனக்கென்று பிள்ளை இல்லை. எனக்கு இருப்பது அந்த ஒரு அறையும் அந்த இருபத்திரண்டு தொட்டில்களும்தான். உங்கள் மஞ்சள் நோட்டீஸ் மலையேறி வந்தால் அவை காலியாகிவிடும்.

நாடகத்தை நிறுத்துங்கள்.

செபமாலையம்மாள்

*

உ
காளியாத்தாள் துணை

வேலந்தாவளம்
3.3.74

செபமாலை அம்மணிக்கு வணக்கமுங்க.

தங்கள் கடிதம் கிடைத்தது. படித்துக் கண்கலங்கினேன் என்று எழுதினால் நம்பமாட்டீங்க, ஆகவே எழுதவில்லை. ஆனால் இரண்டு தரம் படித்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. கம்பெனியில் எழுத ஆள் இருந்தும் இப்படி ஒரு வரி எழுத வராது.

அம்மணி என்மேல் வீணாகக் கோபப்படுறீங்க. நாங்கள் யாரையும் குற்றவாளி என்று சொல்லவே இல்லை. நாடகத்தில் இடைவேளை விடுவோம். மேடைக்குக் கீழே இரண்டு பானை வைத்திருப்போம், ஒன்று கருப்பு, ஒன்று வெள்ளை. டிக்கெட்டில் பாதி வாசலில் கிழிபடும், மீதிப் பாதி பார்க்கிறவர் கையில். ஜெயமாலாவுக்குத் தூக்கு என்றால் கருப்பில் போட வேண்டியது, விடுதலை என்றால் வெள்ளையில் போட வேண்டியது. ஜனங்கள் என்ன சொல்கிறார்களோ அதுதான் கடைசிக் காட்சி. கோர்ட்டில் உங்களுக்கு ஒரு ஜட்ஜ். எங்கள் கொட்டகையில் நானூறு ஜட்ஜ். எது பெரிய நியாயம்?

இன்னொன்றும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இங்கே வருகிறவன் மாட்டுச் சந்தைக்கு வந்தவன். பகல் பூராவும் பல்லைப் பிடித்துப் பார்த்து, வாலைத் தூக்கிப் பார்த்து எடைபோட்டவன். பொழுது சாய்ந்ததும் அவனுக்குக் கை சும்மா இருக்காது, இன்னும் யாரையாவது எடைபோட வேண்டும். ராமாயணம் போட்டுப் பார்த்தேன், முன்வரிசையில் ஆள் தூங்கினான். நான் என்ன செய்யட்டும்? நான் ஜனங்களுக்குக் கண்ணாடி பிடிக்கிறவன் மட்டும்தானுங்க.

அதுவும் பத்திரிகையில் வந்ததைத்தான் எடுத்திருக்கிறேன். மூணாறு எங்கே, வேலந்தாவளம் எங்கே. எங்கள் நாகம் மலையேறாது. பயப்படாதீங்க.

அன்புடன்
பிச்சைமணி

*

மந்திமலை
22 ஏப்ரல் 1974

பிச்சைமணி அவர்களுக்கு,

கண்ணாடி பிடிக்கிறவர் என்று எழுதியிருந்தீர். அந்தக் கண்ணாடியைப் பார்க்க வந்தேன்.

ஈஸ்டருக்கு மறுவாரம் மூன்று நாள் லீவு போட்டுத் தங்கையைப் பார்க்கப் போனேன். சந்தை நாளன்று இருவரும் வேலந்தாவளம் வந்து டிக்கெட் எடுத்துப் பெண்கள் பக்கம் உட்கார்ந்தோம். உம்மையும் பார்த்தேன். ஜிப்பாவும் தங்கப் பல்லுமாக வாசலில் நின்று, என்னையே கைகூப்பி வரவேற்றீர்.

ஜெயமாலாவாக நடிக்கும் உம்முடைய சரஸ்வதியம்மாள் சாயாவில் விஷத்தைக் கலக்கிக்கொண்டே ஒரு முழுப் பாட்டுப் பாடுகிறாள். மூன்று சரணம். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் எவளும் ஒரு டம்ளர் சாயாவை அவ்வளவு நேரம் கலக்கமாட்டாள், ஆறிப்போகும். லயத்தில் உள்ளவர்கள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அடுப்பு ஊதுவதையும் உம்முடைய மேடையில்தான் பார்த்தேன். அவள் இடுப்பை ஆட்டினபோது ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. புருஷன் நுரை தள்ளிச் செத்தபோது ‘இன்னொருக்கா’ என்று கத்தினார்கள். பவுல்ராஜ் ஒருமுறைதான் செத்தார். அதை நான் பார்த்தேன். அவர் தலை என் மடியில் இருந்தது. அதற்கு நீர் ஆர்மோனியம் வாசிக்கிறீர்.

இடைவேளையில் பானைகள் வந்தன. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருத்தி என் கையைப் பார்த்து, “ஏனுங்க, நீங்க எதுல போடப்போறீங்க?” என்று கேட்டாள்.

“வெள்ளையில.”

“நானும் வெள்ளைதானுங்க. பாவமா இருக்குதுல்லங்க அவளப் பாத்தா. ஆனா நீங்க வெசனப்படாதீங்க, எப்படியும் தூக்குல போட்ருவாங்க. நான் மூணாவது தரம் வாறேன், ஒருக்காகூட ஏமாத்துனதில்ல.”

இந்த அம்மாவை நீர் நானூறு ஜட்ஜில் ஒருத்தியாக எண்ணியிருக்கிறீர். மனதைக் குளிர்த்திக்கொள்ள ஒரு ஓட்டு, கண்ணைக் குளிர்த்திக்கொள்ள ஒரு தூக்கு. இரண்டும் ஒரே டிக்கெட்டில்.

இப்போது என் கேள்வி. டிக்கெட் போடப் பானைப் பக்கம் போனேன். வெள்ளைப் பானை கழுத்துவரை நிரம்பியிருந்தது. கருப்பில் பாதிகூட இல்லை. உம்முடைய ஆள் வந்தான், இரண்டு பானையையும் ஒரே சாக்கில் கவிழ்த்தான், திரைக்குப் பின்னால் போனான். அடுத்த நிமிஷம் ‘மக்கள் தீர்ப்பு, தூக்கு’ என்று மைக்கில் உம்முடைய குரல். எண்ணவே இல்லையே ஐயா. எங்கள் எஸ்டேட்டில் கொழுந்துக் கூடையைக்கூட தராசில் போடாமல் எடை எழுதமாட்டார்கள்.

பதில் எழுதும். இந்தமுறை கண்ணாடி, மண்ணாங்கட்டி எல்லாம் வேண்டாம்.

செபமாலையம்மாள்

*

வேலந்தாவளம்
6.5.74

அம்மணிக்கு,

நீங்கள் வந்திருந்தது கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் முதல் வரிசையில் நாற்காலி போட்டிருப்பேனே.

கேட்டதற்கு ஒளிக்காமல் பதில் சொல்கிறேன். எண்ணுவதில்லை. எண்ணினதே இல்லை. இதுவரை நாற்பது ஆட்டம் போட்டாயிற்று, நாற்பதிலும் தூக்குதான். ஏனென்றால் எங்களிடம் விடுதலைக் காட்சி கிடையாது. எழுதவே இல்லை. தூக்குக் காட்சிக்குத்தான் கஞ்சிக்கோட்டு லேத்து மெக்கானிக்கிடம் சொல்லிக் கொக்கி வைத்த பெல்ட், கீழே திறக்கிற பலகை எல்லாம் செய்து வாங்கினேன். சரஸ்வதியம்மாள் தொங்கும்போது ஒரு நிமிஷம் கொட்டகையில் மூச்சுச் சத்தம் கேட்காது. அதைப் பார்க்கத்தான் ஜனம் வருகிறது. விடுதலை ஆனவளை வைத்து நான் என்ன காட்ட? கோர்ட்டை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகிறாள், அவ்வளவுதானே.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து ஒரு யோசனை. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தூக்குக் காட்சி முடிந்ததும் திரை விழும், உடனே திரும்பவும் எழும். மேடை நடுவில் ஒரு நாற்காலி. அதில் நீங்கள், வெள்ளைச் சேலையில். ‘இதோ உண்மையான ஜெயமாலா’ என்று நான் சொல்வேன். நீங்கள் ஒரு வார்த்தை பேச வேண்டாம். தலையை மட்டும் ஆட்டினால் போதும். கம்பெனியோடு சாப்பாடு, தங்கல், சம்பளம். ஆயா வேலையில் கிடைப்பதைப்போல் மூன்று மடங்கு. உங்கள் பக்கத்து நியாயமும் வெளியே தெரிந்த மாதிரி இருக்கும்.

யோசித்து எழுதுங்க.

பிச்சைமணி

*

மந்திமலை
14 மே 1974

பிச்சைமணிக்கு,

தலையை ஆட்டினால் போதும் என்று எழுதியிருக்கிறீர். எந்தப் பக்கம் ஆட்ட வேண்டும் என்று எழுதவில்லையே. ஆமாம் என்றா, இல்லை என்றா? அதற்கும் இரண்டு பானை வைப்பீரா?

சந்தையில் மாட்டை நிறுத்துகிற இடம் உமக்கு நன்றாகத் தெரியும். என்னை அங்கே நிறுத்த வேண்டாம்.

இனி எனக்கு எழுதாதேயும்.

செ.

*

வேலந்தாவளம்
8.7.74

அம்மணிக்கு,

எழுத வேண்டாம் என்றீங்க. ஆனால் வேறு யாரும் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை என்று எழுதுகிறேன்.

உங்கள் எஸ்டேட் கிளப் செயலாளர் ஏசுரத்தினம் என்பவர் உடுமலைப்பேட்டையில் எங்கள் நோட்டீஸைப் பார்த்திருக்கிறார். போன வாரம் ஆள் நேரில் வந்தார். ஓணத்துக்கு மறுநாள் மந்திமலை கால்பந்து மைதானத்தில் சாயங்காலம் ஆட்டம். “எங்க ஊர் கதை, நாங்க பாக்காம வேற யாரு பாக்க?” என்றார். நான் மறுத்துத்தான் பார்த்தேன். ரொம்ப மறுத்தேன் என்று பொய் சொல்லமாட்டேன்.

மலையேறாது என்று எழுதினவன் நான்தான். நாகம் ஜீப்பில் ஏறிவிட்டது, மன்னிக்கவும்.

பிச்சைமணி

*

மந்திமலை
17 ஜூலை 1974

பிச்சைமணி அவர்களுக்கு,

உம்முடைய கடிதத்துக்கு முன்பே உம்முடைய நோட்டீஸ் வந்துவிட்டது. கேன்டீன் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ஏசுரத்தினம் என்னைப் பார்த்து, “யக்கா, நீங்களும் வாங்க, உங்களுக்கு டிக்கெட் கெடையாது” என்று சிரிக்கிறான். அவன் கெட்டவன் அல்ல. அதுதான் கேவலம். அவனுக்கு இதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

காப்பகத்தில் இருபத்திரண்டு பிள்ளைகள் இருந்தார்கள் என்று எழுதியிருந்தேன். இன்று காலை பதினான்கு. ஒருத்தி பிள்ளையை மாமியாரிடம் விட்டிருக்கிறாள், ஒருத்தி கூடவே முதுகில் கட்டிக்கொண்டு மலைச்சரிவில் கொழுந்து கிள்ளுகிறாள். காரணம் கேட்டால் சளி, காய்ச்சல் என்கிறார்கள். தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டக்டர் வந்து தலையை எண்ணிவிட்டுப் போனார். பத்துக்குக் கீழே போனால் இந்தக் காப்பகத்தை மூடிவிட்டுப் பிள்ளைகளைக் கீழ் டிவிஷனுக்கு அனுப்பிவிடுவார்களாம். அங்கே வேறு ஆயா இருக்கிறாள். நான் களை பிடுங்கப் போக வேண்டும். உடம்பு வருத்தத்துக்கு நான் பயப்படவில்லை. பிள்ளைகள் இல்லாத நாளை நினைத்துப் பயப்படுகிறேன். போன மாதம் ஒன்று என்னைப் பார்த்து முதல் அடி எடுத்து வைத்தது. அதன் அம்மாவுக்கு நான் சொல்லவில்லை, சாயங்காலம் அவள் முன்னால் வைத்ததுதான் முதல் அடி என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

உம்மிடம் கெஞ்சுகிறேன் என்று எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் இது கெஞ்சல்தான். எங்கே வேண்டுமானாலும் என்னைத் தொங்கவிடும். பொள்ளாச்சியில் போடும், கஞ்சிக்கோட்டில் போடும். இங்கே மட்டும் வராதேயும்.

செபமாலையம்மாள்

*

வேலந்தாவளம்
28.7.74

அம்மணிக்கு,

வராமல் இருக்க முடியாதுங்க. வாக்குக் கொடுத்துவிட்டேன், ஆட்களும் கிளம்பத் தயாராகிவிட்டார்கள். நான் பின்வாங்கினால் ஏசுரத்தினம் வேறு கம்பெனியைக் கூட்டிவந்து இதே கதையைப் போடுவார். அவர்கள் என்னைவிட மோசமானவர்கள்.

ஆனால் ஒன்று செய்கிறேன். காளியாத்தாள் மேல் ஆணை. மந்திமலையில் பானையை உண்மையாகவே எண்ணுவேன், ஜனங்கள் முன்னாலேயே, உரக்க. வெள்ளை ஜெயித்தால் விடுதலை. உங்கள் ஊர் ஆட்கள் வாயாலேயே நீங்கள் குற்றமற்றவள் என்று வந்துவிட்டால் அப்புறம் யார் பிள்ளையை ஒளிப்பார்கள்?

அதற்கு எனக்கு விடுதலைக் காட்சி வேண்டும். கம்பெனி எழுத்தாளரை எழுதச் சொன்னேன். ஜெயமாலா கோர்ட்டு வாசலில் நின்று பாரதமாதாவைக் கும்பிட்டுப் பாடுவதாக எழுதி வைத்திருக்கிறார். எனக்கே சகிக்கவில்லை. அன்றைக்கு என்ன நடந்தது? கோர்ட்டை விட்டு இறங்கின பிறகு? நீங்கள் எழுதிக் கொடுங்கள். ஒரு எழுத்து மாற்றாமல் போடுகிறேன்.

பிச்சைமணி

*

மந்திமலை
9 ஆகஸ்ட் 1974

பிச்சைமணி அவர்களுக்கு,

பத்து நாள் இந்தத் தாளைத் தொடவில்லை. உமக்கு எழுதிக்கொடுப்பதாவது என்று இருந்தேன். ஆனால் நீர் கடைசியில் கேட்டதை இதுவரை யாரும் கேட்டதில்லை. வக்கீல்கூட, விட்டுவிட்டார்கள் என்றதும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதனால் எழுதுகிறேன். ஊர் மனசு மாறட்டும் என்ற ஆசையும் உண்டு, மறைக்கவில்லை.

கோர்ட் வாசலில் யாரும் இல்லை. தங்கை இருதயத்துக்கு லீவு கிடைக்கவில்லை. பஸ் ஏறினேன், மூணாறில் இறங்கி நடந்தேன். லயத்தில் என் வீட்டுக் கதவில் பூட்டு மாறியிருந்தது. சாவி ஆபீஸில் இருந்தது. கொழுந்து கேங்கில் என் பக்கத்து வரிசையில் நிற்க யாரும் ஒப்பவில்லை. எஸ்டேட் டாக்டரம்மாதான் கொண்டுபோய்க் காப்பகத்தில் விட்டார், முதலில் துணி துவைக்க. ஐந்து மாதம் கழித்து ஆயாக் கிழவி வேலையை விட்டு நின்றதும் பால் கொடுக்கிற வேலையும் என்னிடம் வந்தது.

முதல் நாள் காலை. பாலைக் காய்ச்சி ஆற்றி வைத்திருந்தேன். அம்மாக்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்கள். வேலைக்குக் கூப்பிடும் மஸ்டர் மணி அடித்தாயிற்று. யாரும் உள்ளே வரவில்லை, போகவும் இல்லை. அப்போது ஞானஜோதி என்று ஒருத்தி, என் சொந்த ஜெபக்கூட்டத்துக்காரி, சொன்னாள். “நீ ஒரு வாய் குடிச்சிக் காட்டு.”

குடித்துக் காட்டினேன். அவர்கள் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் பிள்ளைகளை இறக்கிவிட்டார்கள்.

மறுநாளும் குடித்தேன். அதற்கு மறுநாளும். மழைக்காலம் முடிவதற்குள் யாரும் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். பேச்சும் சிரிப்புமாகப் பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு ஓடுவார்கள். நான் மட்டும் இன்றுவரை அந்த ஒரு வாயை விடவில்லை. விட்டால் யாராவது கவனிப்பார்களோ என்று பயம்.

என் விடுதலை இதுதான். இதில் பாட்டு இல்லை. இதை எவன் டிக்கெட் எடுத்துப் பார்ப்பான் என்று எனக்குத் தெரியவில்லை. பெயர்களை மாற்றிவிடும். ஜெயமாலா என்ற லட்சணத்தில் மாற்ற வேண்டாம், நன்றாக மாற்றிவிடும்.

செபமாலையம்மாள்

*

முகாம்: வட்டவடை
5.9.74

அம்மணிக்குக் கோடி வணக்கமுங்க.

ஆட்டம் முடிந்ததும் உங்களை மேடைக்கு அழைத்து மாலை போடத் தேடினேன். கிடைக்கவில்லை. நடந்ததை நானே சொல்கிறேன்.

ஒரு எழுத்து மாற்றவில்லை. சத்தியமாக உரக்க எண்ணினேன். வெள்ளையில் இருநூற்று முப்பத்தொன்று, கருப்பில் ஒன்பது. ஒன்பது பேர் எந்த ஊரிலும் இருப்பார்கள், விடுங்கள். அதன்பிறகு சரஸ்வதியம்மாள் அந்தப் பாலைக் குடித்தாள் பாருங்க. எதிரில் பத்துப் பேர் தாய்மார் வேஷத்தில் இடுப்பில் துணிப்பொம்மையோடு நிற்கிறார்கள். பின்பாட்டு இல்லை, மேளம் இல்லை. அவள் தொண்டையில் பால் இறங்குகிறது. மைதானம் முழுக்க அழுதது அம்மணி. முப்பது வருஷமாக மேடை கட்டுகிறேன், தூக்கில் தொங்கவிட்டு வாங்காத அழுகையை ஒரு டம்ளர் பாலில் வாங்கிவிட்டீங்க. முன்வரிசையில் ஒரு பெண், அவள்தான் ஞானஜோதியாம், ஏசுரத்தினம் காட்டினார், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். சுற்றிலும் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். (பெயரை மாற்றித்தான் போட்டேன். ஆனாலும் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது.)

நீங்கள் ஜெயித்துவிட்டீங்க. இனி மலையில் போடுகிற எல்லா ஊரிலும் விடுதலைதான். நோட்டீஸையும் மாற்றி அடிக்கிறேன், ‘கண்ணீர்க் காவியம்’ என்று. பாம்பை எடுத்துவிட்டேன்.

அன்புள்ள
பிச்சைமணி

*

மந்திமலை
13 செப்டம்பர் 1974

பிச்சைமணிக்கு,

நான் வந்திருந்தேன். பின்னால் கோல்போஸ்ட் ஓரம் நின்றேன். நீர் எண்ணினதைக் கேட்டேன். இருநூறு தாண்டியதும் கோல்போஸ்ட்டைப் பிடித்துக்கொண்டேன். சரஸ்வதியம்மாள் பால் குடித்ததையும் பார்த்தேன். நன்றாகவே செய்தாள், குறை சொல்லமாட்டேன். என் லயத்துப் பெண்கள் அழுததையும் பார்த்தேன். அவ்வளவு அழுகை பவுல்ராஜ் சாவுக்குக்கூட இல்லை. ஒரு முட்டாள் நினைப்பு வந்தது, நாளைக் காலை இருபத்திரண்டும் வந்துவிடும் என்று. சிரித்துக்கொண்டே கூட்டத்தின் பக்கம் திரும்பி நின்றேன். கூட்டம் கலைந்து என்னைத் தாண்டிப் போனது. ஒருத்திகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அடுப்பை மூட்டி இருபத்திரண்டு பேருக்குப் பால் காய்ச்சினேன். மஸ்டர் மணி அடித்தது. வாசலில் யாரும் இல்லை. ஜன்னல் வழியே பார்த்தால் பாதையில் எல்லாரும் போகிறார்கள், பிள்ளை முதுகில், கூடை தலையில். காப்பகத்துக்கு நேரே வரும்போது மட்டும் நடை வேகமாகிறது. ஞானஜோதி மேல்வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள்.

விஷயம் உமக்கு விளங்காது, விளக்கிச் சொல்கிறேன். சந்தேகம் இருந்தபோது அவர்கள் வந்தார்கள். என் தொண்டையைப் பார்த்தார்கள், நிச்சயம் செய்துகொண்டார்கள், பிள்ளையை விட்டார்கள். பிறகு எல்லாரும் அதை மறந்துபோனார்கள். அந்த மறதியின் மேல்தான் நான் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். நீர் அவர்கள் செய்ததை அவர்களுக்கே மேடையேற்றிக் காட்டினீர். இப்போது என்னைப் பார்த்தால் அவர்களுக்கு விஷம் ஞாபகம் வரவில்லை, தங்கள் முகம்தான் ஞாபகம் வருகிறது. சந்தேகத்தோடு வந்தவர்களால் வெட்கத்தோடு வர முடியவில்லை. எழுதிக் கொடுத்தவள் நான், அதனால் உம்மை மட்டும் காறித் துப்ப முடியாமல் நிற்கிறேன்.

ஒருத்தி வந்தாள். மூக்கம்மாள், கடைசி வீட்டுக்காரி, வாய்த்துடுக்கு, யாரோடும் ஒத்துப்போகாதவள். பிள்ளையை இடுப்பிலிருந்து உருவி நீட்டினாள்.

“நான் கருப்புலதான்க்கா போட்டேன். தொங்கும்போது நாக்க நீட்டுவான்னு சொன்னாங்க, அதப் பாக்கத்தான் போனேன். அவ என்னடான்னா பாலக் குடிச்சிட்டு நிக்கா. துட்டு தண்டம். புள்ளயப் புடி, நேரமாச்சி.”

உம்முடைய ஒன்பது பேரில் ஒருத்தி. கூத்தைக் கூத்தென்று பார்க்கத் தெரிந்தவள் அந்த மைதானத்தில் அவள் ஒருத்திதான். அழுத இருநூற்று முப்பத்தொரு பேரின் மனசாட்சியையும் நீரே சாக்கில் அள்ளிக்கொண்டு போம், எனக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. அவர்கள் என்னை விடுதலை செய்துவிட்டார்கள். செய்ய வேண்டிய கடமை முடிந்தது. அதற்குமேல் ஒரு பிள்ளையை வேறு கொண்டுவந்து விட வேண்டுமா என்ன?

பத்து நாள் மூக்கம்மாளின் பிள்ளை மட்டும் வந்தது. நேற்று கண்டக்டர் வந்தார். “ஒத்தப் புள்ளைக்கு ஒரு ஆயாவா?” என்றார். அவர் பேரிலும் தப்பில்லை. இன்று மத்தியானம் தொட்டில்களைக் கழற்றி லாரியில் கீழ் டிவிஷனுக்கு ஏற்றினார்கள். கயிறுகளை நான்தான் அவிழ்த்துக் கொடுத்தேன். திங்கட்கிழமையிலிருந்து களை கேங்.

வேலந்தாவளத்திலும் மற்ற இடங்களிலும் என்னை நாற்பது தடவை தூக்கில் போட்டீர். அந்த நாற்பதும் சேர்ந்து என்னிடமிருந்து எட்டுப் பிள்ளைகளைத்தான் எடுத்தன. ஒரே ஒரு தடவை விடுதலை செய்தீர். மீதியும் போய்விட்டது.

ஆகவே என் கடைசி வேண்டுகோள். அந்தக் காட்சியைக் கிழித்துப்போடும். பாம்பைத் திரும்ப நோட்டீஸில் ஏற்றும். இனி எந்த ஊரில் போட்டாலும் என்னைத் தூக்கிலேயே போடும்.

செபமாலையம்மாள்